இஸ்திரி பட்ட ஆறு நாட்கள்

ஆட்ரிக்கு எட்டு வயது. அவளுடைய அப்பா பெர்னார்ட் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறார். விடிவதற்கு முன்னே எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் செனாயிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பினால், பிள்ளை தூங்கிய பிறகுதான் திரும்புவார். ஞாயிற்றுக்கிழமையும் பெரும்பாலும் வேலைதான். அந்த மாதம் ஒரே ஒரு ஞாயிறு லீவு கிடைத்தது. சர்ச்சின் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் தங்கள் கைவேலையைச் சபைக்குக் காட்டுகிற நாளும் அதுதான். அப்பா வந்து பார்க்கப்போகிறார்! ஆட்ரிக்கு வேறென்ன வேண்டும், சொல்லுங்கள்.

ஞாயிறு பள்ளி நடத்தும் வினிஃப்ரெட் டீச்சர் வாரநாட்களில் சூப்பர்மார்க்கெட்டில் கேஷியர். ரசீதுக் காகிதச் சுருளில் கடைசியாக மிஞ்சுவதைச் சேர்த்து வைத்துப் பிள்ளைகளுக்குக் கொண்டுவருவார். அப்படி வந்த நீளமான துண்டொன்றில், கடவுள் உலகத்தைப் படைத்த ஆறு நாட்களையும் ஓய்ந்திருந்த ஏழாம் நாளையும் ஆட்ரி கலர் பென்சிலால் வரைந்தாள். இரண்டு முனையிலும் சாப்ஸ்டிக் ஒட்டி, ஜன்னல் வெட்டிய, சப்பாத்து வாங்கிவந்த அட்டைப் பெட்டியில் மாட்டித் திருகினால் படங்கள் ஒவ்வொன்றாக ஓடும். குட்டி டிவி!

சனிக்கிழமை மாலை, சர்ச் உடுப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார் பெர்னார்ட்.

“அப்பா, இந்தப் பேப்பர் சுருண்டு சுருண்டு போவுது. நேரா நிக்கவே மாட்டேங்குது.”

“கொண்டா. சட்டைக்குப் போடறவன் இதுக்குப் போட மாட்டேனா?”

“ஏழாம் நாள மட்டும் பாக்கக் கூடாது. அது நாளைக்குத்தான்.” கடைசிப் படத்தைச் சாப்ஸ்டிக்கோடு சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தாள்.

“பாக்கலம்மா.”

ஆட்ரி குளிக்கப் போனாள். அவர் சூட்டைக் குறைத்தார். படம் கெடக் கூடாதென்று மேலே கைக்குட்டை விரித்தார். ரப்பர் பேண்ட் வரைக்கும் பதமாகத் தேய்த்துவிட்டுத் துணியைத் தூக்கினார்.

“அலமாக்!”

தேய்த்த இடம் முழுக்கக் கறுப்பு. சூரியனைக் காணோம், கடலைக் காணோம், ஒரு யானை இருந்ததே, அதையும் காணோம்.

ஆட்ரி ஈரத் தலையில் துண்டோடு வந்து நின்றாள். காகிதத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் கத்தி அழுதிருந்தால்கூட அவருக்குத் தேவலாம்.

மறுநாள் சர்ச்சில் ஆராதனைக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போதே, பெர்னார்ட் மகளோடு டீச்சர் முன்னால் நின்றார்.

“நான்தான் டீச்சர் கெடுத்தேன். அவ மேல தப்பில்ல.”

“ஐயோ பிரதர், சூடு பட்டாலே இந்தப் பேப்பர் கறுத்துரும். பில் போடற மிஷின்ல மையே கிடையாது, சூட்டுலதான் எழுத்து விழும். நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்.”

ஞாயிறு பள்ளியில் கூடப் படிக்கும் ஆலன் எட்டிப் பார்த்தான். “டேய், ஆட்ரி அப்பா உலகத்தையே கருக்கிட்டாருடா!”

பிள்ளைகள் சிரித்தார்கள். பெர்னார்டும் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

ஆட்ரிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சுருளைப் பிடுங்கி, “போச்சு! எல்லாம் போச்சு!” என்று பென்சிலால் அதில் குத்தினாள். அவளுக்குப் பின்னால் ஜன்னல், முன்னால் ஆலன்.

“ஏய், நிறுத்து! ஓட்டையில வெளிச்சம் வருது. ஸ்டார் மாதிரி இருக்கு லா!”

ஆட்ரி காகிதத்தைத் திருப்பி ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். இன்னொரு குத்துக் குத்திப் பார்த்தாள்.

“டீச்சர், முதல்ல எல்லாம் இருட்டுதானே?”

“ஆமா கண்ணு. முதல்ல இருட்டுதான்.”

“அப்பா, கத்தி எடுங்க.”

நாள் முழுக்கக் கிடங்கில் அட்டைப்பெட்டி அறுக்கிற கை அது. ஆட்ரி சொல்லச் சொல்ல அவர் வெட்டினார். சூரியன், மரம், பறவை.

“அங்கிள், இது மீனா, செருப்பா?” என்றான் ஆலன்.

“பொறுடா, இன்னும் வால் வைக்கல.”

எல்லாம் முடிந்தபோதுதான் ஆட்ரிக்கு அது தோன்றியது. “பின்னாடி டார்ச் அடிச்சாத்தானே தெரியும். யார் பிடிக்கிறது?”

“நான்தான் கருக்கினேன், நானே பிடிக்கிறேன்.”

“அப்புறம் நீங்க எப்படிப் பாப்பீங்க?”

ஆட்ரியின் முறை வந்ததும் அவர் கைப்பேசி விளக்கைப் போட்டுக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் போய்க் குந்தினார்.

மண்டபத்து விளக்குகள் அணைந்தன. ஆட்ரி சாப்ஸ்டிக்கைத் திருகினாள். கறுப்புக்குள் முதல் வெளிச்சம் விழுந்ததும் “ஆ!” என்றது சபை. சூரியன் வந்தது, மீன் நீந்தியது. பெர்னார்டுக்குத் தெரிந்ததோ காகிதத்தின் வெறும் முதுகு. ஏழாம் நாள் வந்தபோது மண்டபமே சிரித்தது. மறுபடியும் ஏதோ கெட்டுப்போச்சு என்றே நினைத்தார் அவர்.

கூட்டம் கலைந்ததும் ஆட்ரி பெட்டியை அவர் பக்கம் திருப்பினாள்.

ரப்பர் பேண்டுக்குள் இருந்ததால் அந்தப் படம் மட்டும் கறுக்கவில்லை. நீல சோபா. அதில் வாய் திறந்து தூங்கும் ஓர் ஆள். தலைக்கு மேலே ‘கொர்ர்’. கீழே கோணல் எழுத்தில், ‘ஏழாம் நாள். அப்பாவுக்கும் லீவு.’

பெர்னார்ட் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“டார்ச்சக் குடுங்க, நான் பிடிக்கிறேன். நீங்க முதல்லேருந்து பாருங்க.”

அவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, முதல் நாளுக்குத் திருப்பினார்.

“மெதுவாப்பா,” என்றாள் ஆட்ரி. “இன்னிக்கு என்ன அவசரம்?”