நங்கூரம் எடுத்த பிறகு

பல் டாக்டர் படகு வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. அதற்குள் கடலையே கரைத்துக் குடித்தவர் மாதிரி பேச்சு! சுக்கான் பக்கத்தில் ஒரு டேப்லெட்டை மாட்டியிருந்தார். பாறை, ஆழம் எல்லாம் போட்ட கடல் வரைபடத்தின் நடுவில் ஒரு சின்னப் படகுப் படம். "அதுதான் நாம. இது இருக்கிறப்ப என்ன பயம்?" என்பார் மனைவியிடம்.

மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிய டேப்லெட். இருக்கும் இடத்தைத் தானாகக் கண்டுபிடிக்க அதற்கு வக்கில்லை. டாக்டரின் செல்போன் கண்டுபிடித்துச் சொன்னால்தான் உண்டு. போனோடு தொடர்பு அறுந்தால் படகுப் படம் சாம்பல் நிறமாகி நின்றுவிடும்.

மத்தியானம் பாறைத் திட்டுக்குக் கொஞ்சம் தள்ளி நங்கூரம் போட்டார்கள். பன்னிரண்டு வயது மகள் ரப்பர் தோணியில் இறங்கினாள். "போட்டோ எடுக்கணும்ப்பா" என்று அப்பாவின் போனைத் தண்ணீர் புகாத உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"படகைச் சுத்தியே இருடி" என்றாள் அம்மா.

பத்தே நிமிஷத்தில் மூடுபனி இறங்கிவிட்டது. நீட்டிய கை தெரியவில்லை. அம்மா மகளைக் கூப்பிட வாயெடுத்தாள், அதற்குள் டாக்டர் அலறினார்.

"ஐயையோ, பாறைப் பக்கம் போறோம்! நங்கூரம் பிடிவிட்டுடுச்சு!"

டேப்லெட்டில் படகுப் படம் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

"கயிறு விறைப்பாத்தானே இருக்கு? குழந்தை வேற வெளியில..."

"முதல்ல படகு தப்பட்டும், சும்மா இரு!"

அந்த மனுஷன் எப்போது பெண்டாட்டி பேச்சைக் கேட்டார்? நங்கூரத்தைத் தூக்கினார், இன்ஜினைப் போட்டார், தலைகால் புரியாமல் இப்படியும் அப்படியும் திருப்பினார். படகு சுற்றியது. படம் மட்டும் தன் பாட்டுக்குப் பாறையைப் பார்த்தே போனது.

"ஏங்க, உங்க போன் யார்கிட்ட இருக்கு?"

டாக்டர் இன்ஜினை நிறுத்தினார். 

"அது நாம இல்ல" என்றார்.

"அப்ப அது என் பொண்ணு! அவ இருக்கிற இடம்தான் தெரியுதே, அங்க போங்க!"

"எப்படிடி போறது? நாம எங்க இருக்கோம்?"

நங்கூரம் கிடந்தவரை தாங்கள் இருக்கும் இடமாவது தெரிந்திருந்தது. அம்மா தொண்டை கிழியக் கத்தினாள். எந்தப் பக்கமென்று சொல்லமுடியாத தூரத்தில் "அம்மா" என்று ஒரே ஒரு தடவை கேட்டது. டேப்லெட்டில் படம் பாறைக்கு ஒரு விரற்கடை தள்ளிச் சாம்பல் நிறமாகி அப்படியே நின்றுவிட்டது.