பஷீரின் வயிற்றெரிச்சலில் பாடிய ஹெட்போன்

எழுபத்தேழாம் வருஷம் ராயபுரத்தில் ஸ்டானிஸ்லாஸ் என்கிற செவிடருக்கு, பக்கத்து வீட்டு பஷீரின் வயிற்றெரிச்சலால் காது கேட்க ஆரம்பித்தது. அந்த வருஷம் மண்ணெண்ணெய்க்கு வரிசை நீண்டது, வஞ்சிரம் விலை ஏறியது, கல்மண்டபம் பக்கம் புதிதாக ஒரு சைக்கிள் கடை வந்தது, இதுவும் நடந்தது. கேள்விப்பட்டவர்கள் அப்படியா என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள். பஷீரின் வயிற்றெரிச்சல் பேட்டையில் எல்லோரும் அறிந்ததுதான். அதற்கு இவ்வளவு சக்தி உண்டு என்பதுதான் புதுசு.

பஷீர் மைக் செட் வைத்திருந்தார். ராயபுரத்திலிருந்து எர்ணாவூர் வரைக்கும் கல்யாணம், காதுகுத்து, கந்தூரி, கோயில் தேர், கட்சிக் கூட்டம் எதுவானாலும் கம்பத்தில் கட்டியிருக்கும் குழாய் ஸ்பீக்கர் அவருடையதாகத்தான் இருக்கும். காற்றில் போகிற சத்தமெல்லாம் தனக்குச் சொந்தம் என்று ஒரு நினைப்பு. யாராவது புது ரேடியோ வாங்கினால் பார்க்கப் போவார், அதைத் திருப்பி வைத்து முதுகைப் பார்ப்பார், ‘வால்வு சின்னது’ என்று சொல்லிவிட்டு வருவார், அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. மனுஷன் கெட்டவர் இல்லை. சாவு வீடென்றால் முதலில் வந்து பந்தல் கட்டுகிறவர் அவர்தான். அடுத்தவன் கையில் ஒரு நல்ல பொருளைப் பார்த்தால் மட்டும் தாங்காது, அதற்கு என்ன செய்வது!

ஸ்டானிஸ்லாஸுக்குத் துறைமுகத்தில் கப்பலுக்குத் துரு அடிக்கிற வேலை. கப்பலின் இரும்புத் தொட்டிக்குள் இறங்கி நாளெல்லாம் சுத்தியலால் தட்ட வேண்டும், தட்டித் தட்டிக் காது போய்விட்டது. அவர் மனைவி ஹில்டா கோயில் பாட்டுக் குழுவில் பாடுகிறவள். அவள் பாடினால் தெருவில் போகிறவன் சைக்கிளை நிறுத்துவான். பூசை நேரத்தில் ஸ்டானிஸ்லாஸ் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அவள் வாய் அசைவதையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்டுவிட வேண்டும், அதைத் தவிர அந்த மனுஷனுக்கு வேறு ஆசை கிடையாது. ஹில்டாவோ வீட்டில் பேசுவதையே விட்டுக்கொண்டு வந்தாள். ஒரு சொல்லைச் சொல்ல அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டியிருந்தது. உப்பு வேணுமா என்று கத்தலாம், மனசு சரியில்லை என்று எப்படிக் கத்துவது?

அப்போது ஒரு ஜப்பான் கப்பல் வந்தது. மிச்சமிருக்கிற காதையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்று ஸ்டானிஸ்லாஸ் இரண்டு கையாலும் காதைப் பொத்திக் காட்டி, மூடிக்கொள்ள ஏதாவது கொடுக்கும்படி சைகையில் கேட்டார். கப்பலின் ரேடியோ அதிகாரி வேறு மாதிரி புரிந்துகொண்டு, தன் அறைக்குப் போய்த் தன்னுடைய சொந்த ஹெட்போனைக் கொண்டுவந்து கொடுத்துக் குனிந்து வணங்கிவிட்டுப் போனார். ஸ்டானிஸ்லாஸ் அதை மாட்டிக்கொண்டு, தொங்குகிற ஒயரை லுங்கியில் செருகிக்கொண்டு துரு அடித்தார். கப்பல் போன பிறகும் அடித்தார். கஸ்டம்ஸ் கேட்டில் அது ஏதோ வேலைச் சாமான் என்று விட்டுவிட்டார்கள். ஒருநாள் சாயங்காலம் அந்தக் கோலத்தில் அவர் தெருவில் நடந்து வருவதை பஷீர் பார்த்தார், பார்த்த இடத்திலேயே நின்றுவிட்டார்.

வாங்கிப் போய்த் திருகாணியைக் கழற்றிப் பார்த்தார். மற்ற ஹெட்போனில் ஒரு சின்ன காகிதக் கூம்பு இருக்கும். இதில் கூம்பே இல்லை. வெங்காயச் சருகு மாதிரி ஒரு தட்டையான தோல், அதன் மேல் சிக்குக் கோலம் போலச் செப்புக் கோடு, இரண்டு பக்கமும் ஓட்டை போட்ட காந்தத் தகடு. பஷீர் அதைத் திரும்ப மூடித் திருகினார். ‘இது பெரிய எடத்து சாமான் மாமு, சும்மா ரேடியோல சொருவுனா வாயத் தொறக்காது, நெறயா பவர் கேக்கும்’ என்றார். அவர் சொன்னபடியேதான் இருந்தது. டிரான்சிஸ்டரில் செருகினால் எறும்பு ஊர்கிற சத்தம். கல்யாண செட்டில் செருகினால் கொசு. கடைசியில் கட்சிக் கூட்டத்துக்கு மட்டும் எடுக்கிற பெரிய வால்வு ஆம்ப்ளிபயரையே தூக்கிக்கொண்டு வந்து ஸ்டானிஸ்லாஸ் வீட்டு மேசையில் வைத்து, டிரான்சிஸ்டருக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் கோத்துப் பார்த்தார். தகர டப்பாவுக்குள் போட்ட கொசு. நாள் தவறாமல் சாயங்காலம் வந்து ஒயரை மாற்றி மாற்றிக் கோத்தார். தன் வீட்டுக்குப் போனால் தூக்கம் வரவில்லை. ‘ஒலகத்துலயே நல்ல சாமான், போயும் போயும் ஒரு செவுட்டு மன்ஷன் கைலயா மாட்டணும்!’ என்று பெண்டாட்டி சாபிராவிடம் புலம்பினார். கேட்டுக் கேட்டு அவளுக்கே பேஜாராகிவிட்டது.

ஒருநாள் அப்படி ஒயரைக் கோத்துவிட்டு வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தார். தன்னுடைய ஆம்ப்ளிபயர், தன்னுடைய ஒயர், ஆனால் ஹெட்போன் மட்டும் ஸ்டானிஸ்லாஸ் தலையில். வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. வால்வுகள் அணைந்தன. பேட்டரியில் ஓடுகிற டிரான்சிஸ்டர் மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டானிஸ்லாஸ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ‘ஹில்டா! பாட்டு கேக்குது! தபேலா கூட கேக்குது!’ என்று கத்தினார். பஷீர் பாய்ந்து வந்து பிடுங்கித் தன் காதில் வைத்தார், ஒன்றுமில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு முறைத்தார், பாட்டு வந்தது. கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கிப்போனார், நின்றது.

ஹில்டாதான் முதலில் புரிந்துகொண்டாள். மறுநாள் பஷீர் வந்து நின்றதும் ஒயரை ஆம்ப்ளிபயரிலிருந்து பிடுங்கி, அதன் முனையைத் தன் உள்ளங்கையில் மூடிக்கொண்டு, சாதாரணமாக, பக்கத்தில் இருக்கிறவரிடம் பேசுகிற மாதிரியே பேசினாள். ‘இன்னாங்க, நான் பேசுறது கேக்குதா?’ ஸ்டானிஸ்லாஸ் அழுதார். அவள் அழவில்லை, இத்தனை வருஷம் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தாள், நடுவில் பாடவும் செய்தாள். வாசற்படியில் நின்ற பஷீரை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அது அவருக்கு இன்னும் எரிந்தது, குரல் இன்னும் தெளிவாகக் கேட்டது.

பேட்டை முழுக்க வந்து பார்த்தது, எல்லோரையும் வைத்துப் பார்த்தார்கள். ஹில்டாவின் தம்பி வால்டர் பொறாமைப்பட்டபோது கீச்சுக் குரல் மட்டும் வந்தது. மீன் ஏலம் எடுக்கிற அடைக்கலமேரியின் பொறாமையில் மத்தளச் சத்தம் தூக்கலாக வந்து ஒரேயடியாக அறுந்துபோனது. எங்களில் பலருடைய பொறாமை கொஞ்ச நேரம்கூட நிற்கவில்லை. பஷீருடையதுதான் பொங்காமல், அணையாமல், சீராக எரிந்தது. அந்த ஹெட்போனுக்கு அதுதான் பொருந்தியது. ‘ஊருக்கே செட்டு போட்டீங்க, இப்ப நீங்களே ஆம்ப்ளிபயராய்ட்டீங்க’ என்று சாபிரா சிரித்தாள். பஷீருக்கு அவமானமாக இருந்தது. நம்ம வயிற்றெரிச்சலில் அடுத்தவன் குளிர் காய்வதா! இனிமேல் பொறாமையே படுவதில்லை என்று எர்ணாவூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்த் தங்கினார். அங்கே கம்பத்தில் குழாயைக் கட்டும்போது ஞாபகம் வந்துவிட்டது. ராயபுரத்தில் ஸ்டானிஸ்லாஸுக்கு, ஹில்டா ஒயர் முனையை இடுப்பில் செருகிக்கொண்டு அரிசி புடைப்பது கேட்டது.

இந்தக் கஷ்டத்தைப் பார்க்க ஸ்டானிஸ்லாஸுக்கே பொறுக்கவில்லை. ஹெட்போனைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போய், ‘நீயே வச்சுக்கோ நைனா, உன் நெஞ்சு ஆறட்டும்’ என்று கொடுத்துவிட்டார். பஷீர் கதவைச் சாத்திக்கொண்டு மாட்டினார். எந்த ஆம்ப்ளிபயரில் கோத்தும் கொசுகூட இல்லை. அவரைப் பார்த்துப் பொறாமைப்பட ஆள் வேண்டுமே. ஸ்டானிஸ்லாஸுக்கு அது சுட்டுப்போட்டாலும் வராது. ஆனால் பஷீரின் வயிறு பிறந்ததிலிருந்து முதல் தடவையாகக் குளிர்ந்துவிட்டது. நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார், கன்னத்தில் சதை வைத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றுபோனது. மழைக்காலத்தில் ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஹில்டா வெறும் உள்ளங்கையை மூடிக்கொண்டு புருஷன் முதுகுக்குப் பின்னால் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், பாதியில் நிறுத்திவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனாள். பஷீருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இந்தத் தடவை காரணம் வேறு.

ஹெட்போனைத் திருப்பிக் கொண்டுபோய் ஸ்டானிஸ்லாஸ் தலையில் மாட்டிவிட்டு வாசற்படியில் நின்றார். ஒன்றும் வரவில்லை. முறைத்துப் பார்த்தார். பழைய வருத்தங்களையெல்லாம் நினைத்துப் பார்த்தார். மனசு இளகிப்போய்க் கிடந்தது, எரிவேனா என்றது. ‘வர்லமா ஹில்டா, இன்னா பண்ணாலும் எரிய மாட்டேங்குது, பாவமாத்தான் கீது’ என்று சொல்லித் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஸ்டானிஸ்லாஸ் அவர் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டு, பரவாயில்லை என்று தோளைத் தட்டினார். தட்டியதில் பஷீர் இன்னும் இளகிப்போனார்.

ஹில்டா உள்ளே போனாள். அன்று வெள்ளிக்கிழமை, கொடுவா மீன் வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள். இருவருக்கும் இலை போட்டாள். புருஷன் இலையில் தலையை வைத்தாள், மூளையும் கன்னச் சதையுமாக, புளியும் எண்ணெயும் வழிய. பஷீர் இலையில் வாலை வைத்தாள். பஷீர் வாலைப் பார்த்தார், தலையைப் பார்த்தார், மறுபடியும் வாலைப் பார்த்தார். ‘இன்னாமா இது, வூட்டுக்கு வந்தவனுக்கு வாலா?’ என்றார், குரல் லேசாக மாறியிருந்தது. ஸ்டானிஸ்லாஸ் சாப்பிட்ட கையை அப்படியே நிறுத்தினார். ஹில்டா ஒயர் முனையை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு, ‘சாப்டுங்க, ஆறிடப் போவுது’ என்றாள், அவருக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் பஷீர் அந்த வீட்டில்தான் சாப்பிட்டார். ஒருநாள் ஸ்டானிஸ்லாஸ் மனசு கேட்காமல் தலையை அவர் இலைக்குத் தள்ளப்போக, ஹில்டாவின் பாட்டு பாதியில் அறுந்தது. அவள் கரண்டியால் புருஷன் கையில் ஒன்று போட்டுத் தலையை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தாள். பஷீர் தன்னுடைய வாலைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டு, ‘வைமா, அங்கியே வை’ என்று சொல்லிவிட்டு, அந்தத் தலையை நன்றாகப் பார்க்கிற மாதிரி நகர்ந்து உட்கார்ந்தார்.