வெளியே பூட்டிய வீடு

1

இந்தக் கதை என்னுடையதல்ல. வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வீடு வீடாகப் போன ஞானஜோதி டீச்சர் சொன்னது. முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘விஸ்வநத்தத்து வெயிலில் அந்தப் பூட்டு தணலாய்...’

வேண்டாம். அழகாக எழுத வருகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

2

கதவில் பூட்டு. டீச்சர் படிவத்தில் ‘வீடு பூட்டியுள்ளது’ என்று எழுதிவிட்டுத் திரும்பியபோது ஜன்னலிலிருந்து ஒரு குரல்.

“டீச்சர், போயிராதீக. ஆள் இருக்கேன்.”

இருபத்தைந்து வயதிருக்கும். பெயர் ஸ்ரீமதி. கணவன் பெயர் விக்னேஷ்வரன்; பக்கத்து ஊரான எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனி போர்மேன். காலையில் பூட்டிவிட்டுப் போனால் சாயங்காலம் வந்துதான் திறப்பானாம்.

“ஏம்மா இப்படி?”

“நான் யார்ட்டயும் பேசுறது அவுகளுக்குப் பிடிக்காது. ரெண்டு வருசத்துல வீடு தேடி வந்த மொத ஆள் நீங்க. உள்ள வந்து உக்காருங்கன்னு சொல்ல முடியலயே.”

தண்ணீர் கொண்டுவந்தாள். டம்ளர் கம்பியில் இடித்தது. சாய்த்துக் கொடுத்ததில் பாதி சிந்தியது. மணிக்கட்டு கன்றிப்போயிருந்ததை டீச்சர் அப்போதுதான் பார்த்தார்.

“அடிப்பாரா?”

“அதெல்லாமா பட்டியல்ல கேக்குறாக?” சிரித்தாள். “நான் இங்கன இருக்கேன்னு மட்டும் எழுதுங்க, போதும்.”

டீச்சர் முன்பு எழுதியதை அடித்துவிட்டு அவள் பெயரை எழுதினார்.

3

(இந்த இடத்தில் டீச்சரைக் கொஞ்சம் தைரியசாலி ஆக்கப் பார்த்தேன். அவர் ஒப்பவில்லை. “பயந்தேன்னே எழுதுங்க. மூணு நாள் சும்மாதான் இருந்தேன்.”)

நாலாம் நாள் பெண்கள் உதவி எண்ணுக்குப் பேசினார். ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து இரண்டு பேர் வந்து அந்த வீட்டு வாசலிலேயே விசாரித்தார்கள். “திருட்டுப் பயம் மேடம், அதான் பூட்டுறேன்” என்றான் விக்னேஷ்வரன்.

ஸ்ரீமதி தரையைப் பார்த்தபடி சொன்னாள்: “நாந்தான் பூட்டச் சொன்னேன்.”

எதிர் வீட்டு ஓரமாக நின்ற டீச்சரை அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று ஒரு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். வந்தவர்கள் போனபின் அந்த வீட்டில் அவனோடு இருக்கப்போவது அவள்தான். அதற்குமேல் எனக்கு என்ன தெரியும்?

4

இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் அவள் காரியாபட்டிக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறாள். இன்னொன்றில்—

எழுதிக்கொண்டிருக்கும்போதே டீச்சரின் போன். அந்த வீட்டு வாசலில் நிற்கிறாராம். இன்று பூட்டு இல்லை. ஜன்னல் சாத்தியிருக்கிறது. உள்ளே யாரோ நடமாடும் சத்தம். அவளா அவனா, தெரியவில்லை.

“தட்டவா? நான் தட்டப்போயி அந்தப் பிள்ளைக்கு அடி விழுந்துட்டா? தட்டாமப் போயிட்டா மட்டும்... ஏதாச்சும் சொல்லுங்களேன்.”

அவர் லைனில் காத்திருக்கிறார். போனை உங்கள் பக்கம் நீட்டுகிறேன்.