உடையாத கால்

நாலுக்கு சைபர். அதுவும் சொந்த மைதானத்தில், பட்டியலின் அடிமட்டத்தில் கிடக்கும் அணியிடம். வெளியூரில் போய் உதை வாங்கியிருந்தால் பயணக் களைப்பு, பழகாத புல்தரை என்று எதையாவது சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ளலாம். சொந்த வீட்டு வாசலில் வழுக்கி விழுந்தவன் யாரைக் குறை சொல்வது?

குறை சொல்ல ஒருவன் இருந்தான். குதிரை. முன்வரிசை ஆட்டக்காரன், ஓடுகிற வேகத்தைப் பார்த்து ரசிகர்கள் ஆசையாக வைத்த பெயர். அன்று முதல் பாதியில் கிடைத்த பெனால்டியை வானத்தைப் பார்த்து அடித்தான். இரண்டாம் பாதியில், தடுக்கிறேன் பேர்வழி என்று பின்னால் ஓடி வந்து, பந்தைத் தன் அணியின் வலைக்குள்ளேயே தட்டிவிட்டான். குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்களே, அதை ஊரே உட்கார்ந்து கண்ணால் பார்த்தது.

பார்த்தவர்களில் ஒருத்தி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். எக்ஸ்ரே அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கார்னர் கொடிக்குப் பக்கத்தில், இரண்டாவது வரிசையில் அவளுக்கும் தம்பிக்கும் நிரந்தர இடம். வேலையிலும் வீட்டிலும் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். மைதானத்துக்குள் நுழைந்துவிட்டால் மட்டும் அந்த வாயை அடைக்க ஆள் கிடையாது. அன்று நாலாவது கோல் விழுந்தபோது எழுந்து நின்று, "காலாடா அது? கட்டையாடா?" என்று கத்தினாள். பக்கத்திலிருந்தவர்களுக்கு அது பிடித்துப்போய், அந்த மூலை முழுக்க அதையே கத்தியது. ஆட்டம் முடிந்தபோது அவளுக்குத் தொண்டையில் காற்று மட்டும்தான் மிச்சம்.

மறுநாள் காலை அந்தக் கால் அவளுடைய அறைக்கு வந்தது.

தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு குதிரை உள்ளே வந்தபோது, அவளுக்கு ஒரு கணம் கை ஓடவில்லை. மைதானத்தில் பனைமரம் மாதிரி தெரிந்தவன், கதவோரம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றபோது பள்ளிக்கூடத்துப் பையன் போலிருந்தான். வலது பாதத்தில் வலி என்றான். மேசைமேல் உட்காரவைத்து, பாதத்தைப் பலகைமேல் பதித்து, அசையக் கூடாது என்று கையாலேயே சொன்னாள்.

"தொண்டை சரியில்லையா அக்கா?" என்று கேட்டான்.

"சளி," என்றாள். சத்தம் கீச்சென்று வந்தது.

நேராக ஒன்று, சாய்த்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. திரையில் விழுந்த படத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்தபோதே டாக்டர் வந்துவிட்டார். அவருக்குப் பந்தாட்டமும் தெரியாது, வந்திருப்பது யார் என்றும் தெரியாது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், பாதத்தை அழுத்திப் பார்த்தார், வாயெல்லாம் சிரிப்பாக நிமிர்ந்தார்.

"நல்ல செய்தி தம்பி. எலும்பு கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்கு. ஒரு விரிசல்கூட இல்ல."

இந்த அறையில் அந்த வார்த்தையைக் கேட்டுக் கும்பிடு போட்டவர்களை அவள் பார்த்திருக்கிறாள், அழுதவர்களைப் பார்த்திருக்கிறாள். முகம் செத்துப்போனவனை அன்றுதான் பார்த்தாள்.

"நல்லாப் பாத்தீங்களா டாக்டர்? இன்னொரு தடவை வேணும்னா எடுக்கலாமா?"

"எதுக்கு? சும்மா இருக்கிற காலை எத்தனை தடவை எடுக்கிறது? போய் ஓடு போ," என்று முதுகில் தட்டிவிட்டு அவர் போய்விட்டார்.

அவன் செருப்பை மாட்டிக்கொள்ளப் போகாமல் மேசைமேலேயே உட்கார்ந்திருந்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "உடைஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்கா. உடைஞ்சிருக்குன்னு சொன்னா அம்மாகூட நம்பிடுவாங்க. இப்ப என்ன சொல்றது? கால் நல்லா இருக்கு, ஆனா ஆட வரலைன்னா?"

அவள் வாயைத் திறந்தாள். தொண்டை இருந்திருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பாளோ என்னவோ. நேற்று அவனைத் திட்டிக் கத்தித்தான் அந்தத் தொண்டை போயிருந்தது. வெட்கமாக இருந்தது அவளுக்கு. கதவைத் திறந்துவிட்டாள்.

அவன் ஆஸ்பத்திரிக்கு வந்துபோனதை வாசலில் யாரோ பார்த்துவிட்டார்கள். பார்த்தவன் சும்மா இருப்பானா? மாலையில் தம்பி வந்துவிட்டான்.

தம்பிக்கு விளம்பரப் பலகை அச்சடிக்கும் கடையில் வேலை. தோல்வி நடந்த அன்றே, குதிரையைத் துரத்தாமல் ஓயமாட்டோம் என்று கூட்டாளிகளோடு சபதம் போட்டுவிட்டு, கடையின் கழிவுத் துணியில் பெரிய பேனர் ஒன்றும் அடித்துவைத்திருந்தான்: "சம்பளத்தைத் திருப்பிக் கொடு, குதிரையே!" ஆனால் அவன் மனதுக்குள் ஒரு நப்பாசையும் இருந்தது. குதிரையின் முதல் கோலைப் பார்த்து அழுதவன் அவன். அப்படிப்பட்டவன் இப்படி ஆடுவதற்கு ஒரு காரணம் வேண்டாமா?

அக்கா சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தம்பி கதவில் சாய்ந்து நின்றான்.

"வந்தானாமே?"

"யாரு?"

"நடிக்காதக்கா. கால்ல என்ன?"

"உன் பல்லைப் படம் எடுத்தா ஊர்ல போய்ச் சொல்லட்டுமா?"

கூடத்தில் கழற்றிப்போட்ட மிக்ஸியோடு உட்கார்ந்திருந்த அவள் கணவர் சிரித்தார். ஃபிரிட்ஜ், மிக்ஸி ரிப்பேர் செய்பவர். பந்து உருண்டையா சதுரமா என்பதில்கூட அவருக்கு அக்கறை கிடையாது. "மாப்ள, உங்க அக்கா கல்யாணத்துக்குச் சம்மதமான்னு கேட்டதுக்கே மூணு நாள் பதில் சொல்லலை. அவகிட்டயா கேக்குற?"

தம்பி விடவில்லை. "சரி மாமா, சொல்ல வேண்டாம். அக்கா, இப்படிச் செய். உடையலைன்னா மட்டும் தலையை ஆட்டு. ஒண்ணுமே இல்லைன்னு சொல்றதுல என்ன ரகசியம் இருக்கு?"

கெட்டிக்காரத்தனமான கேள்விதான். ஆனால் அவள் இத்தனை வருடம் அந்த அறையில் வேலை பார்ப்பது சும்மா இல்லை. உள்ளே பார்த்தது உள்ளேயே இருக்க வேண்டும். இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. வெளியே போனால் வேலை போய்விடும். அவள் தலையை ஆட்டவில்லை. வெங்காயத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அதைத் துடைக்கக்கூடத் தலையை அசைக்கவில்லை.

தம்பி அந்தக் கண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றான். "அடப்பாவமே," என்று மெல்லச் சொன்னான். சட்டென்று திரும்பி வெளியே ஓடினான்.

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று எவன் சொல்லிவைத்தானோ, அவன் நாசமாய்ப் போக.

கறுப்பாக வாந்தி எடுத்தவன் காக்கா காக்காவாக வாந்தி எடுத்தான் என்று ஆன கதைதான். முதலில் பாதத்தில் விரிசல் என்றார்கள். மறுநாள் முறிவு. அதற்கடுத்த நாள், முறிந்த எலும்பு தோலைக் குத்திக்கொண்டிருந்தபோதும் ஊசி போட்டுக்கொண்டு ஆடினான் என்றார்கள். "காலா கட்டையா" என்று கத்தியவர்களுக்கெல்லாம் குற்ற உணர்ச்சி பிடித்துக்கொண்டது. பத்திரிகைக்காரர்கள் அணி நிர்வாகத்தைக் கேட்டார்கள். வீரர்களின் உடல்நிலையைப் பற்றிப் பேசுவதில்லை என்று பதில் வந்தது. அதோடு முடிந்தது, உடைந்தது உறுதி. கடைத்தெருவில் யாரோ குதிரையையே மடக்கிக் கேட்டுவிட்டார்கள். "இல்லண்ணா, கால் நல்லாத்தான் இருக்கு," என்றான் அவன், உள்ளபடி. "பாத்தியாடா பெருந்தன்மையை!" என்று கேட்டவர் கண் கலங்கிவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் எக்ஸ்ரே பிரிவின் தலைமை மேடம் அவளை அறைக்குள் கூப்பிட்டார்.

"ஊரெல்லாம் பேசுது. நீ சொன்னியா?"

"உடையவே இல்லையே மேடம். உடையாததை உடைஞ்சிருக்குன்னு நான் ஏன் சொல்லப்போறேன்?"

"அப்போ உடையலைன்னு யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல மேடம்."

"சொல்லவும் கூடாது. மறுத்தாலும் சொன்ன மாதிரிதான். அவன் பேர்ல உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னு தெரிஞ்சது, அப்புறம் நீ இங்க வரவேண்டியதே இல்ல."

நல்ல நியாயம். பொய் ஊரெல்லாம் ஊர்வலம் போகலாம், உண்மைக்கு மட்டும் வீட்டுக் காவல்.

அடுத்த சொந்த ஊர் ஆட்டத்துக்கு அவள் போகாமல் இருந்திருக்கலாம். தம்பி விடவில்லை. புதுப் பேனர் அடித்து எடுத்து வந்திருந்தான்: "உடைந்த காலோடு ஓடிய உத்தமனே!" எழுத்தெல்லாம் பளிச்சென்று, ஓரத்தில் குளம்படி வரைந்து. அந்தப் பேனரின் ஒரு முனையை அவள் கையிலேயே கொடுத்துப் பிடிக்கச் சொன்னான். பிடித்தாள். வேறு என்ன செய்வது?

குதிரையின் பெயரை ஒலிபெருக்கியில் சொன்னதும் மைதானம் எழுந்து நின்று கைதட்டியது. அவன் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

முதல் பாதி முடியப்போகும் நேரம். குதிரையிடம் தனியாக மாட்டியது பந்து. கோல்கீப்பர் முன்னால் வந்து சறுக்கி விழுந்துவிட்டான். எதிரே வெறும் வலை. குழந்தைகூடத் தள்ளிவிடும். குதிரை அடித்தான். பந்து கம்பத்துக்கு மேலே, விளக்குக் கம்பத்தை நோக்கிப் போனது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் என்றால் அவனுடைய ஏழு தலைமுறையையும் கழுவி ஊற்றியிருப்பார்கள். இப்போது மொத்தக் கூட்டமும் கைதட்டியது. "பரவால்லடா கண்ணு!" என்று பின்வரிசையில் ஒரு பெரியவர் குரல் தழுதழுக்கச் சொன்னார். "பாவம், என்ன வலியோ," என்றான் தம்பி.

குதிரை இடுப்பில் கைவைத்து நின்று கூட்டத்தைப் பார்த்தான். அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். செருப்பை மாட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தானே, அதே முகம். பிறகு திரும்பி நடந்தான். நடந்தபோது மெல்ல நொண்டினான். கைதட்டல் கூடியது. இன்னும் கொஞ்சம் நொண்டினான்.

அவள் படம் எடுத்தது வலது பாதம். அவன் நொண்டியது இடது கால்.

ஊர் கட்டிய பொய்க்குள் அவனும் குடிபோகிறான் என்று புரிந்தது. ஒருமுறை அதில் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் எழுந்திருக்கமாட்டான். ஆட வராத ஒவ்வொரு நாளும் நொண்டுவான், இவர்களும் ஒவ்வொரு நாளும் கைதட்டுவார்கள். அவனைக் காப்பாற்ற ஒரு வார்த்தைதான் உண்டு, அதைச் சொன்னால் அவளுக்கு வேலை இல்லை. நொண்டிக்கொண்டே அவர்கள் மூலைக்குப் பக்கமாக வந்துகொண்டிருந்தான். பேனரின் முனையைக் கைவிட்டாள். எழுந்தாள்.

"டேய் குதிரை! நொண்டாதடா! கோல் அடிக்கத் தெரியலைன்னா ஓடவாவது செய்டா!"

கைதட்டல் நடுவில் அந்தக் குரல் தகரத்தில் ஆணி இழுத்தது போலக் கேட்டது. முன்னாலிருந்தவர்கள் திரும்பினார்கள்.

"யாரும்மா நீ? மனுஷிதானா?"

"கால் உடைஞ்ச பையனைப் போய்… ச்சீ!"

"அக்கா, உட்காரு. மானத்தை வாங்காத," என்று தம்பி புடவையைப் பிடித்து இழுத்தான். காது வரை சிவந்திருந்தான். "ஆஸ்பத்திரியில வேலை பாக்குற, உனக்கு இரக்கமே இல்லையா?"

அவளிடம் பதில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை விழுங்கிவிட்டு மறுபடி கத்தினாள்: "ஓடுடா கழுதை!"

குதிரை நின்றுவிட்டான். தலையைத் தூக்கி யார் என்று தேடினான். கண்டுபிடித்தான். அவள் யார் என்று தெரிந்ததும் அவன் முகம் வெளுத்தது. குனிந்து தன் இடது காலைப் பார்த்தான், பிறகு வலது காலை. அந்த நேரம் பார்த்து எதிரணி ஆள் ஒருவன் பந்தோடு அவனைக் கடந்து போனான். குதிரை திரும்பி ஓடினான்.

ஓட்டம் என்றால் அதுதான் ஓட்டம். பாதி மைதானத்தைத் துரத்திப் போய்ப் பந்தைப் பறித்தான், திரும்ப இந்தப் பக்கம் ஓடி வந்தான். முறிந்த எலும்பை வைத்துக்கொண்டு எந்தக் காலும் அப்படி ஓடாது. அதற்கு எக்ஸ்ரே தேவையில்லை. கைதட்டல் அங்கங்கே ஓய்ந்தது.

"அந்தக் காலாடா உடைஞ்சுது?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"நம்மளைக் கேனையன்னு நினைச்சிட்டானா?"

"பரவால்லடா கண்ணு" என்ற பெரியவர்தான் முதலில் திட்டினார். அவர் ஆரம்பித்து வைக்க, அந்த மூலை முழுக்கப் பற்றிக்கொண்டது. தம்பி மட்டும் அக்காவைப் பார்த்தான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. எலும்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மேடம் அதை ஒத்துக்கொள்வாரா என்பது வேறு விஷயம். கூப்பிட்டால் கூப்பிடட்டும்.

கார்னர் கிடைத்தது. வழக்கமாக அடிப்பவன் அடிபட்டு வெளியே போயிருந்ததால், குதிரையே பந்தைத் தூக்கிக்கொண்டு அவர்கள் மூலைக்கு வந்தான். கைநீட்டினால் தொடும் தூரம். அவன் குனிந்து பந்தை வைக்க வைக்க, தலைக்கு மேலே வசவு மழையாகக் கொட்டியது. தம்பியும் பேனரைக் காலில் போட்டு மிதித்துக்கொண்டு, இரண்டு வாரத்துப் பாவம் பரிதாபமெல்லாம் சேர்த்து, "ஏமாத்துக்காரப் பயலே!" என்று தொண்டை கிழியக் கத்தினான். குதிரை நிமிர்ந்தான். நேராக அவளைப் பார்த்துச் சிரித்தான். பாரம் இறக்கிவைத்தவனின் சிரிப்பு. அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இந்த முறை வெங்காயத்தின் மேல் பழிபோட முடியாது.

பின்னால் போய், ஓடி வந்து, பலமாக உதைத்தான். பந்து யார் தலைக்கும் எட்டாமல், கோலுக்குப் பின்னால் போய்த் தொப்பென்று விழுந்தது.

மூலை முழுக்க எழுந்து நின்று திட்டியது. எல்லோரையும் விட உரக்கத் திட்டியவள் எக்ஸ்ரே அக்காதான்.