கெர்ட்டு பறித்த பழங்கள்

எஸ்தோனியாவிலிருந்து வந்த கெர்ட்டு பறித்த ஆப்பிள் எங்கே அடிபட்டாலும் அவள் உடம்பு கன்றிப்போகும். அடிபட்ட அன்று ஒன்றும் தெரியாது. மறுநாள்தான் தோலில் பழுப்பாக ஒரு வட்டம் விழும். ஆப்பிளும் அப்படித்தான். தோலுக்கு அடியில் சதை நசுங்கினாலும் அது பழுப்பேற ஓர் இரவு பிடிக்கும். டாஸ்மேனியாவின் ஹியூவன் பள்ளத்தாக்கில் இது நடந்த வருடம் பழங்கள் முன்கூட்டியே சிவந்தன, மார்ச் முழுக்க மழை இல்லை, டீசல் விலை ஏறியது.

கெர்ட்டு முதுகுப்பையோடு நாடு நாடாகச் சுற்றும் ஆயிரம் பேரில் ஒருத்தி. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். குளிர்காலத்தில் கரையோரமெல்லாம் உறைந்துபோகும் கடல் அவள் ஊர்க் கடல். தன் உடம்பைவிடச் சூடான கடலில் வாழ்நாளில் ஒருமுறையாவது மல்லாந்து கிடக்க வேண்டும் என்று அவள் உலகத்தின் இந்த மூலைவரை வந்திருந்தாள். அர்ஜென்டினாக்காரன் லௌதாரோவும் அவளும் சேர்ந்து ஒரு பழைய வேன் வாங்கியிருந்தார்கள். அதன் பின்கதவைக் கயிறு போட்டுக் கட்டித்தான் ஓட்ட வேண்டும். பருவம் முடிந்ததும் வேனைக் கப்பலில் ஏற்றி ஆஸ்திரேலியப் பெருநிலத்துக்குக் கொண்டுபோய், கடல் சூடாகும்வரை வடக்கே ஓட்டிக்கொண்டே போவது என்று பேச்சு. அதுவரை ஆப்பிள். ஊர் கால்பந்து மைதானத்தின் ஓரத்தில் வேன்கள் வரிசையாக நிற்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரெஞ்சுக்காரர்கள் மீன்பிடிக்கிறேன் என்று ஆற்றங்கரையில் தூங்குவார்கள், கொரியப் பெண்கள் துணி துவைத்துக்கொண்டே சிரிப்பார்கள், லௌதாரோ மாத்தே என்னும் தன் ஊர்க் கசப்புத் தேநீரை உறிஞ்சியபடி எல்லோருடைய கிடாரையும் சுருதி கெடுத்துவைப்பான்.

ஆப்பிள் பறிப்பது பார்ப்பவர்களுக்குச் சுலபம். பழத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது. உள்ளங்கையில் ஏந்தி மேல்நோக்கி உருட்ட வேண்டும். பக்குவமாகியிருந்தால் காம்பு தானே கிளையை விட்டுவிடும். விரல்நுனி அழுத்தினால் அந்த இடம் கெட்டது. வயிற்றில் கட்டிய பை நிறைந்ததும் பெரிய மரப்பெட்டிக்குள் குனிந்து, பையின் அடி கீழே கிடக்கும் பழங்களைத் தொடும்வரை இறக்கி, பிறகே கொக்கியை அவிழ்க்க வேண்டும். அவசரக்காரர்கள் மேலிருந்தே அவிழ்த்துவிடுவார்கள். பழங்கள் கொட்டும் சத்தம் நாலு வரிசை தள்ளிக் கேட்கும். மேற்பார்வைக்காரர் நோரீன் அந்தச் சத்தத்தை நோக்கி நடந்து வருவார். பிறந்ததிலிருந்து இதே பள்ளத்தாக்கில் இருப்பவர். கோபம் வந்தால்தான் அவர் நடை மெதுவாகும்.

"கண்ணு, இதை ஆப்பிள்னு நெனைக்காத. முட்டைன்னு நெனச்சுக்கிட்டுப் பறி."

"முட்டை மரத்துல காய்க்காதே," என்றாள் கெர்ட்டு ஏணிமேல் இருந்து.

"வாய் நல்லாத்தான் வேலை செய்யுது. கைதான் கங்காரு கால் மாதிரி இருக்கு."

இரண்டாவது வாரத்தில் கெர்ட்டுவின் முன்கைகள் பழுப்பு வட்டங்களால் நிறைந்தன. ஊர் டாக்டர் இரும்புச்சத்து குறைவு என்றார். நோரீன் மட்டும் அவள் பெட்டியிலிருந்து சில பழங்களை எடுத்துத் தோல் சீவி, பழத்தின் கன்றல்களையும் அவள் கையின் கன்றல்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கெர்ட்டு பறித்த ஒரு பழத்தை அவளிடம் சொல்லாமலேயே கட்டைவிரலால் அழுத்திவைத்தார். மறுநாள் காலை தேநீர் நேரத்தில் கெர்ட்டுவின் முழங்கைக்கு மேலே நோரீனின் கட்டைவிரல் ரேகை சுழி சுழியாகத் தெரிந்தது. தோட்டத்து முதலாளி ஆல்பி வந்து கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"வலிக்குதாம்மா?"

"அமுக்கினா வலிக்கும்."

"ஆப்பிளுக்கும் அப்படித்தானே இருக்கும்," என்று சொல்லிவிட்டு அவர் டிராக்டருக்கு டீசல் ஊற்றப் போனார்.

இதற்கு ஒரு முறை இருந்தது. அதைக் கண்டுபிடித்ததும் நோரீன்தான். தரையைத் தொடும் கிளைகளில் பறித்த பழம் அடிபட்டால் கெர்ட்டுவின் கால் கன்றும். ஏணி உச்சியில் பறித்தது என்றால் தோளும் கழுத்தும். நடுக்கிளைகளுக்குக் கைகள். மரத்தின் நடுவில்தான் காய் அதிகம் என்பதால் கைகளுக்குத்தான் அடி அதிகம். இது தெரிந்த பிறகு கெர்ட்டு பறிக்கிற விதமே மாறிப்போனது. பழத்தை ஏந்தும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொள்வாள்; பையை இறக்கினால் சத்தமே வராது. ஒரு வாரத்தில் கைகள் வெளுத்தன. பள்ளத்தாக்கிலேயே மென்மையான கை அவளுடையது என்று ஆல்பி மற்ற தோட்ட முதலாளிகளிடம் பெருமையடித்தார். சிறந்த மரங்களை அவளுக்கே ஒதுக்கினார்.

தப்பு நடந்தது அங்கேதான். அடிபட்ட பழம் அந்த வாரமே சாறு ஆலைக்குப் போய்விடும். அதன் கதை அத்தோடு முடிந்தது. அடிபடாத பழம்தான் மூடிய குளிர் அறைக்குள் போகும், மாதக்கணக்கில் கிடக்கும், பிறகு லாரி ஏறும், கப்பல் ஏறும், கடை கடையாக உருளும். கெர்ட்டு எவ்வளவு பத்திரமாகப் பறித்தாளோ அவ்வளவு நீண்ட பயணத்துக்குத் தன் பழங்களை அனுப்பிக்கொண்டிருந்தாள். இது நோரீனுக்குத் தெரியும். ஆனால் நன்றாகப் பறிப்பவளிடம் போய் நன்றாகப் பறிக்காதே என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நாற்பது வருடமாக அதற்கு நேர்மாறாகவே சொல்லிப் பழகிய வாய்.

பறித்த பிறகும் ஆப்பிள் மூச்சுவிடும். மூச்சுவிட்டுத்தான் முதிர்கிறது. அதனால் அறையை நிரப்பி, கதவை இறுக்கி, பிராணவாயுவைப் பெரும்பகுதி வெளியேற்றிவிட்டு, உறைவதற்கு ஒரு டிகிரி முன்னால் குளிரை நிறுத்துவார்கள். பழம் செத்தும் போகாது, முதிர்ந்தும் போகாது. மே மாதக் கடைசியில் ஆல்பியின் குளிர் அறைக் கதவு இறுகிய அன்று கெர்ட்டுவும் லௌதாரோவும் வேனோடு கப்பலில் இருந்தார்கள். மேல்தளத்தில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. குளிருது என்றாள். லௌதாரோ தன் சட்டையைக் கழற்றிப் போர்த்தினான். அன்று தொடங்கிய குளிர் நான்கு மாதம் விடவில்லை.

வடக்கே போகப் போக வெயில் ஏறியது, கரும்புத் தோட்டங்கள் வந்தன, தென்னை வந்தது. கெர்ட்டு நான்கு கம்பளிச் சட்டை போட்டு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் லௌதாரோ ஒரு பாட்டின் இரண்டு அடியைப் பாடி முடிக்கலாம். கேர்ன்ஸ் பக்கத்தில் ஒரு கடற்கரையில் அவர்கள் இறங்கினார்கள். அவள் கேட்ட கடல் அங்கே இருந்தது. கணுக்கால்வரை இறங்கியவள் கொதிநீரில் கால் வைத்ததுபோல் துள்ளிக் கரையேறினாள். இப்போது எந்தக் கடலும் அவளைவிடச் சூடுதான்; ஆனால் எந்தக் கடலிலும் அவளால் இறங்க முடியவில்லை. மணலில் படுத்தால் அவளைச் சுற்றி ஈரம் கோத்தது. பக்கத்து விடுதிப் பையன்கள் முதல் நாள் பயந்தார்கள், இரண்டாம் நாள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பீர் பாட்டில்களை அவள் முதுகோரமாகச் சாய்த்துவைத்தார்கள், மூன்றாம் நாள் மன்னிப்புக் கேட்பதையும் விட்டார்கள்.

"ஊர் சுத்தக் கிளம்பினா எல்லாரும் பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போறாங்க. நான் ஒரு ஃபிரிட்ஜைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கேன்," என்றான் லௌதாரோ. வேடிக்கையாகத்தான் சொன்னான். அவள் சிரிக்க முயன்றாள். அந்தச் சிரிப்பு முகத்துக்கு வந்து சேர்வதற்குள் அவன் எழுந்து போய்விட்டிருந்தான்.

செப்டம்பரில் அவன் டார்வின் பக்கம் மாம்பழம் பறிக்கப் போவதாகச் சொன்னான். "நீயும் வா, கெர்ட்டு. அங்க வெயில் மண்டையைப் பொளக்குமாம்."

"ஆப்பிளுக்கே இந்தப் பாடு. மாங்கா பறிச்சா உடம்பெல்லாம் பால் வடிஞ்சு வெந்துபோவேன்."

"அப்போ என்னதான் பண்ணப் போற?"

"நீ கிளம்பு."

அவன் அழுதான், அவள் அழவில்லை, அழ அவளுக்கு மூச்சு போதவில்லை. வேனின் பின்கதவுக் கயிற்றை அவளே இழுத்துக் கட்டிக்கொடுத்தாள்.

அன்று மாலை நோரீனைத் தொலைபேசியில் அழைத்தாள். பழம் பொறுக்கும் கூடத்தில் இயந்திரச் சத்தத்துக்கு மேலே நோரீன் கத்தவேண்டியிருந்தது.

"அறையை எப்போ தெறப்பீங்க?"

"அடுத்த வாரம். கண்ணு, யோசிச்சுக்கோ. தெறந்தா அடிபடும். நான் பழத்தைத் தண்ணியில மிதக்கவிட்டுப் பொறுக்கினாலும் லாரிக்காரன் குண்டும் குழியுமாத்தான் ஓட்டுவான். தெறக்காட்டி நீ இப்படியே கெடப்ப. ஆல்பிகிட்ட சொல்லி ஒரு வாரம் வேணா தள்ளிப்போடுறேன். அதுக்கு மேல என்னால ஆகாது."

"மொத்தத்தையும் சாறு ஆலைக்கு அனுப்பிட முடியாதா?"

"உன் பழத்தையா? ஒரு கீறல் இல்லாத பழம், அதையா பிழியச் சொல்ற?" என்றார் நோரீன். தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

"தெறந்துடுங்க," என்றாள் கெர்ட்டு.

கதவு திறந்ததும் அவளுக்கு மூச்சு வந்தது, வியர்வை வந்தது, பசி வந்தது. மறுநாளிலிருந்து கன்றல்களும் வந்தன. அவற்றுக்கும் ஒரு முறை இருந்தது. யாராவது பழத்தைத் தின்றால் அந்த இடம் ஒரு முறை சுருக்கென்று கடித்துவிட்டு ஆறிவிடும். அதனால் எல்லாவற்றையும் தின்றுமுடிக்கட்டும் என்று அவள் விடுதிப் படுக்கையில் காத்துக்கிடந்தாள். ஆனால் வாங்குகிறவர்கள் எல்லோரும் தின்பதில்லை. கூடையில் அழகுக்கு வைக்கிறார்கள், மதியச் சாப்பாட்டுப் பையிலேயே மறந்துபோகிறார்கள், கடைக்காரர்கள் மாலையில் அள்ளிக் கொட்டுகிறார்கள். அப்படி அழுகிய பழத்தின் இடம் ஆறவும் இல்லை, வலிக்கவும் இல்லை. அங்கே உணர்ச்சியே போய்விட்டது. டிசம்பருக்குள் கால்கள் இரண்டும், முழங்கைவரை இரு கைகளும், கழுத்தின் ஒரு பக்கமும் மரத்துப்போயின. மீதி உடம்புக்கும் சூடு, குளிர் பிரித்துத் தெரியவில்லை. கடைசிக் கன்றலும் மறைந்த அன்று அவள் கடலுக்கு நடந்தாள். யாரும் தடுக்கவில்லை, எதுவும் சுடவில்லை. மல்லாந்து படுத்து வெகுநேரம் மிதந்தாள். தண்ணீர் சூடா குளிரா என்று கரையில் நின்ற ஒரு பெண்ணிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள். நல்ல சூடு என்றாள் அவள்.

பிப்ரவரியில் கெர்ட்டு பள்ளத்தாக்குக்குத் திரும்பி வந்தாள். ஏன் வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. ஆப்பிள் பருவத்தில் ஆள் வந்தால் யாரும் கேட்பதில்லை. நோரீன் பையை அவள் தோளில் மாட்டி வாரை இறுக்கினார். ஆனால் மரத்துப்போன கைக்குப் பழத்தின் மேல் எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்று தெரியாது. ஏந்துவதாக நினைத்து நசுக்கினாள். கொக்கியை எங்கே அவிழ்க்கிறோம் என்று தெரியாமல் மேலிருந்தே அவிழ்த்தாள். நாலு வரிசை தள்ளிச் சத்தம் கேட்டது. நோரீன் நடந்து வந்து பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், திட்டவில்லை.

"இது எல்லாம் சாறுக்குத்தான் போகும், கண்ணு."

"போகட்டும்."

அதிலிருந்து அவள் பெட்டிகளுக்குத் தனி நிறச் சீட்டு. கன்றிய பழம் அறைக்குப் போகாது, கப்பல் ஏறாது. வியாழக்கிழமை ஆலைக்குப் போய் ஒரே மூச்சில் பிழியப்பட்டுவிடும். பிழியப்பட்ட இடத்தில் வலியும் இல்லை, வட்டமும் இல்லை. அந்த நேரத்துக்குப் படுத்துக்கிடந்துவிட்டு எழுந்திருக்கும்போது ஒரு சுற்று இளைத்திருப்பாள்; வியர்வை இனிப்பாக மணக்கும்; ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகிவிடும். அதற்குப் பிறகு எத்தனையோ பருவம் அவள் வந்தாள். வேன்கள் மாறின, கிடார்கள் மாறின. ஞாயிறுகளில் பழம் பறிக்க வந்த பிள்ளைகள் அரைமணித் தூரத்துக் கடற்கரைக்குப் போகும்போது அவளையும் ஏற்றிக்கொள்வார்கள். அவள் அவர்களுடைய குளியல் துண்டுகளுக்குக் காவலாக மணலில் உட்கார்ந்திருப்பாள்.

வியாழக்கிழமை மதியங்களை ஆல்பி அவள் வேலைநேரத்தில் சேர்ப்பதில்லை. லாரி ஆலை வாசலில் திரும்புகிற நேரத்துக்கு அவள் பையைக் கழற்றி ஏணியில் மாட்டிவிட்டு, இரண்டு மர வரிசைகளுக்கு நடுவே புல்லில் மல்லாந்து படுத்துக்கொள்வாள். டிராக்டர் அடுத்த வரிசை வழியாகச் சுற்றிப் போகும்.