கையில் ஒன்றும் இல்லாதபோது

பட்டறை மேலாளரின் போக்கர் மேசையில் ஓர் இடம் வேண்டும் என்பது அத்தானின் ஆசை. ஆட்ட விதிகள் அச்சடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்தார். நான் வாசிக்க, இருவரும் சேர்ந்தே கற்றோம். ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் பொதுவாக ஐந்து. பந்தயத்துக்குப் பட்டறை நட்டுகள்.

முதல் ஆட்டத்தில் நான் ஜெயித்தேன். அத்தான் சிரித்தார். எழுந்து சமையலறைக்குப் போய், டீ ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டு அக்காவை அறைந்தார். திரும்பி வந்து சீட்டைக் கலைத்தார். அடுத்த முறை நான் ஜெயித்தபோது அக்காவின் உதடு கிழிந்தது.

அதன் பிறகு நான் தோற்க ஆரம்பித்தேன். நான் தோற்றால் சமையலறை அமைதியாக இருந்தது.

ஒரு விதி மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. மூன்று முறை உரக்க வாசித்தேன். கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் இருப்பதுபோலப் பந்தயத்தை ஏற்றலாம். எதிராளி பயந்து சீட்டைக் கவிழ்த்தால் ஆட்டம் நமக்கு.

"அது பொய்தானே?" என்றார்.

"ஆமா அத்தான். ஆட்டமே அதுதான்."

நடுவில் ஒரு ராஜா திறந்தது. என் கையில் இன்னும் இரண்டு ராஜா, ஜெயிக்கிற சீட்டு. கவிழ்த்துவிட்டேன். கவிழ்த்த சீட்டைப் பார்க்கக் கூடாது என்று தாளில் இருந்தது. அவர் திருப்பிப் பார்த்தார்.

"படிச்சவளே, எனக்குப் பிச்சை போடுறியா?"

என் சுண்டுவிரலைப் பிடித்துப் பின்னால் வளைத்தார். அது சுள்ளிபோல ஒடிந்தது. நட்டுகள் தரையில் சிதறின. நான் கத்தியதில் எனக்கே காது அடைத்தது. அவர் அடுத்த விரலைப் பிடித்தார்.

அக்கா வாசற்படியில் நின்றாள். மூடி போட்ட இரும்புச் சட்டியை, இரண்டு பக்கமும் கைப்பிடித் துணி சுற்றி ஏந்தியிருந்தாள். தாடையில் உதட்டு ரத்தம் காய்ந்திருந்தது.

"எண்ணெய் கொதிக்குது. அவ கைய விடு. விடலேன்னா மூஞ்சில ஊத்துவேன்."

அவர் சட்டியைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், அக்காவின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு என் விரல் விடுபட்டது.

அவருக்கு முதுகைக் காட்டாமல் அக்கா பின்னோக்கியே நடந்து என்னோடு வெளியே வந்தாள். தெருவில் இறங்கியதும் நான் நல்ல கையால் சட்டியைத் தொட்டேன். சில்லென்று இருந்தது.

"கீழ வையேன்க்கா."

"ஜன்னல்ல நின்னு பாக்குறான்," என்றாள் அக்கா. "நீ கொஞ்சம் தள்ளியே நட. சுடுற மாதிரி."