காண்டாமிருகத்துக்கு அரை அங்குலம்

காண்டாமிருகம் வந்து சேர்ந்த நான்காம் நாள் காலை, அதன் அடைப்பு கிழக்குப் பக்கமாக ஒன்றரை அடி வளர்ந்திருந்தது. முதலில் கண்டுபிடித்தவர் காப்பாளர். காலையில் வேலியைச் சுற்றி நடக்கும்போது ஒவ்வொரு கம்பத்தையும் தொட்டு எண்ணுவது அவர் பழக்கம். அன்றைக்கும் கம்பங்கள் முப்பத்தெட்டுதான். ஆனால் எண்ணி முடிக்க இரண்டு எட்டு அதிகம் வைக்க வேண்டியிருந்தது. டேப் கொண்டுவந்து அளந்தார். மண் தோண்டிய அடையாளம் எங்கும் இல்லை, கம்பத்தடியில் போட்ட சிமெண்டில் ஒரு கீறல் இல்லை, புல்லுக்கே விஷயம் தெரியாது போலிருந்தது. இரண்டாம் தடவையும் அளந்துவிட்டு, அந்த நேரத்தில் வேலைக்கு வந்திருந்த ஒரே ஆளிடம் சொல்லலாமென்று கருத்துப் பிரிவுக்கு நடந்தார்.

கருத்துப் பிரிவு என்பது மிருகக்காட்சிசாலையின் நுழைவாயிலுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை, ஓர் அலமாரி, ஒரு பெண் எழுத்தர், அவ்வளவுதான். ஒவ்வொரு அடைப்புக்கு முன்னாலும் ஒரு பெட்டியும் கயிற்றில் கட்டிய பென்சிலும் இருக்கும். பார்வையாளர்கள் மனதில் பட்டதைச் சீட்டில் எழுதிப் போடுவார்கள். அவற்றைப் பாராட்டு, குறை, யோசனை என்று மூன்றாகப் பிரித்து, ஏழு நாளைக்குள் ஒவ்வொன்றின் மேலும் 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று முத்திரை குத்தி அலமாரியில் அடுக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அவள் குத்திக்கொண்டிருந்தாள். எந்த நடவடிக்கையும் யாரும் எடுத்ததில்லை. எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதுமில்லை. 'சிங்கம் தூங்கிக்கொண்டே இருக்கிறது, எழுப்ப ஓர் ஆள் போடவும்.' குத்து. 'நீர்யானை வாயைத் திறக்கவில்லை, நாங்கள் தொலைவிலிருந்து வருகிறோம்.' குத்து. 'குரங்கு என் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டது. அதற்கு நன்றாகத்தான் இருக்கிறது, அதுவே வைத்துக்கொள்ளட்டும்.' குத்து. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், படிக்காமல் அவள் ஒரு சீட்டிலும் குத்தியதில்லை. படித்து என்ன பயன் என்று கேட்டால் அவளுக்குப் பதில் தெரியாது. ஒரு மனுஷர் மெனக்கெட்டு எழுதியிருக்கிறார், யாராவது படிக்கத்தானே வேண்டும்.

காண்டாமிருகம் வந்த அன்று ஊரே அல்லோலகல்லோலப்பட்டது. லாரி பெரிய தெருவில் திரும்ப முடியாமல் முக்கால் மணி நேரம் நிற்க, அதுவரை காண்டாமிருகத்தைப் படத்தில்கூட ஒழுங்காகப் பார்க்காதவர்கள் எல்லாம் அதைப் பற்றி உறுதியான அபிப்பிராயத்தோடு வீடு திரும்பினார்கள். அதை விட்ட இடம் முன்பு காட்டுப்பன்றிக்குக் கட்டியது. பதினோரு எட்டு வைத்தால் வேலி. திரும்பிப் பதினோரு எட்டு வைத்தால் மறுபடி வேலி. மூன்றாம் நாள் பெட்டியில் முப்பத்தாறு சீட்டுகள் இருந்தன. 'நினைத்ததைவிட நிஜத்தில் அதிகமாக இருக்கிறது' என்று ஒருவர் வியந்திருந்தார். 'முகஜாடை அப்படியே எங்கள் சித்தப்பா, ஆகவே மரியாதையாக நடத்தவும்' என்று இன்னொருவர். யார் எப்படித் தொடங்கினாலும் எல்லோரும் ஒரே இடத்தில்தான் முடித்திருந்தார்கள்: பாவம், இடம் போதவில்லை. வழக்கம்போல் முத்திரை குத்திவிட்டு அவள் வீட்டுக்குப் போனாள்.

முப்பத்தாறு சீட்டு, பதினெட்டு அங்குலம். கணக்கு அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது, ஆனால் காப்பாளரிடம் வாய் திறக்கவில்லை. அன்று அறுபது சீட்டு குத்தினாள். மறுநாள் இரண்டரை அடி. 'குளிக்க ஒரு குட்டை இருந்தால் தேவலை' என்ற சீட்டை மட்டும் தனியாக எடுத்து, ஒரே ஒரு குத்துக் குத்தினாள். விடிந்தபோது மூலையில் குட்டை இருந்தது, காண்டாமிருகம் அதில் மூக்கு வரைக்கும் முழுகிக் கிடந்தது. சிங்கத்தின் சீட்டுகளையும் நம்பிக்கையோடு குத்திப் பார்த்தாள், சிங்கம் எழுந்திருக்கவில்லை. எதனால் காண்டாமிருகத்துக்கு மட்டும் பலித்தது என்று யாரும் ஆராயவில்லை. பலிக்கிறதே, அது போதாதா? அவள் கணக்கைச் சொன்னதும் காப்பாளர் மட்டும் மேஜையில் கையூன்றிக் கேட்டார், "அக்கா, நீங்க இங்க சீல் குத்துறீங்களா, கொத்து வேலை பாக்குறீங்களா?"

செய்தி பரவக் கேட்க வேண்டுமா? அதற்குப் பிறகு கூட்டம் விலங்கைப் பார்க்க வரவில்லை, எழுத வந்தது. பென்சில் தேய்ந்து தேய்ந்து கயிறுதான் மிஞ்சியது. வாழ்க்கையில் அதுவரை எழுதிக் கேட்டு எதுவும் கிடைக்காதவர்கள், தாங்கள் எழுதியதால் ஒரு மிருகம் அரை அங்குலம் கூடுதலாக நடப்பதைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக நின்றார்கள். 'அந்த அரை அங்குலம் என்னுடையது' என்று பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். காண்டாமிருகமும் இப்போது ஓடத் தொடங்கியிருந்தது. அவ்வளவு பெரிய உடம்பு அப்படி ஓடும் என்று யார் நினைத்தது? அது ஓடும்போதெல்லாம் வேலிக்கு வெளியே நின்ற அத்தனை பேரும் கூடவே நாலு எட்டு ஓடினார்கள். அவளும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய் நின்று பார்த்தாள். இருபத்திரண்டு வருட வேலையில் அப்படியொரு சந்தோஷத்தை அவள் அனுபவித்ததில்லை.

சங்கடம் கிழக்கிலிருந்தது. வடக்கே ஏரி, தெற்கே கரடிகள், மேற்கே பார்வையாளர் பாதை. அடைப்பு வளர்வதற்கு மிச்சமிருந்தது கிழக்குதான், கிழக்கில் முதலில் இருந்தது ஊழியர் குடியிருப்பு, குடியிருப்பில் முதல் வீடு அவளுடையது. இரண்டு அறை, ஒரு சமையலறை. பதினோரு வருடம் வரிசையில் காத்திருந்து கிடைத்தது. முன்னறையில் தையல் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு கணவன் துணி தைத்தான். பின்னறையில் மாமனார் இருந்தார், முட்டி வலியோடும் உலகத்தில் உள்ள எல்லாவற்றைப் பற்றியும் அபிப்பிராயத்தோடும். வேலிக்கும் அவள் சமையலறைச் சுவருக்கும் நடுவே அறுபது அடி இருந்தது ஐம்பதாகி, முப்பதாகி, இரண்டு வாரத்தில் பத்தடிக்கு வந்து நின்றது. இயக்குநர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். மிருக வைத்தியராக இருந்து மேலே வந்தவர் என்பதால் அவரை எல்லோரும் பெரிய டாக்டர் என்பார்கள். "வேலி வீட்டத் தொட்டா காலி பண்ணிடணும்மா. அடைப்புக்குள்ள குடியிருப்பு இருக்கக் கூடாதுன்னு விதி. வேற வீடு கேட்டு எழுதிக் குடுங்க, வரிசையில போட்டுடுறேன்" என்றார். வரிசை என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாதா?

அன்றிலிருந்து அவள் முத்திரை குத்தவில்லை. சீட்டுகளைப் படித்தாள், பிரித்தாள், இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினாள். வேலி நின்றது. முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் காண்டாமிருகம் ஓடுவதை நிறுத்தியது. மூன்றாம் நாள் கிழக்கு வேலியில் வந்து நின்று, மூக்கைக் கம்பத்தில் முட்டுக்கொடுத்துக்கொண்டு, அவள் சமையலறை ஜன்னலையே பார்த்தது. அவள் பாத்திரம் கழுவினால் பார்த்தது, அரிசி களைந்தால் பார்த்தது. ஜன்னலைச் சாத்தினாள், சாத்திய ஜன்னலையும் பார்த்தது. வைத்த புல்லில் பாதி அப்படியே கிடக்கிறது என்று காப்பாளர் சொன்னார். சீட்டுகளில் எழுத்து மாறியது: 'தினமும் வளர்ந்துகொண்டிருந்தது, ஏன் நின்றுவிட்டது?' 'நாங்கள் ஏதாவது தவறாக எழுதிவிட்டோமா?' அந்தக் கடைசிச் சீட்டைப் படித்த அன்று அவள் சாப்பாட்டுப் பையைத் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோனாள். ஆறாம் நாள் இழுப்பறையில் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு சீட்டுகள் சேர்ந்திருந்தன. நாளைக்கு ஏழாம் நாள். தாமதமாகக் குத்திய பழக்கம் அவளுக்கு இல்லை.

அன்று மாலை வீட்டில் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னாள் என்று எழுத ஆசைதான். ஆனால் அவள் நின்றுகொண்டேதான் சொன்னாள், அடுப்பில் பால் இருந்தது. கணவன் கத்தரிக்கோலைக் கீழே வைத்தான். "வீடு போச்சுன்னா மிஷின எங்க கொண்டு போய் போடுறது?" என்றான். அது நியாயமான கேள்வி, அவள் பாலை இறக்கிவைத்தாள். எதற்கும் முந்திக்கொண்டு பேசும் மாமனார் ரொம்ப நேரம் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தில் லிப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"முப்பத்தி நாலு வருஷம் நாலடிப் பெட்டிக்குள்ள நின்னேன்" என்றார் கடைசியில். "ஏறினவன், எறங்கினவன் லட்சம் பேரு. இந்தாளுக்கு எடம் பத்தலன்னு ஒருத்தன் எழுதிக் குடுக்கல. அதுக்கு எழுதிக் குடுத்திருக்காங்க. குத்தும்மா, குத்திட்டு வா."

"அப்புறம் நாம எங்க மாமா போறது?"

"அது எனக்கெப்படி தெரியும்? நீதான ஆபீஸ்ல வேல பாக்குற."

அவள் குத்தினாள். ஏழாம் நாள் காலையில் ஆரம்பித்து, மை தீர்ந்து, புது மை ஊற்றி, தோள்பட்டை கழன்றுவிடும் போல வலிக்கும் வரை தொள்ளாயிரத்துப் பன்னிரண்டையும் குத்தி முடித்தாள். மறுநாள் விடிந்தபோது வேலி முப்பத்தெட்டு அடி நகர்ந்திருந்தது. துணிக்குள் நூல் போவது போல அது வீட்டின் வழியாகப் போயிருந்தது. ஓர் ஓடு நகரவில்லை, அலமாரியில் ஒரு டம்ளர் சாயவில்லை. வாசற்படிக்கு ஆறடி தள்ளி, தெருப்பக்கம், கம்பங்கள் நின்றன. வீடு உள்ளே இருந்தது. வீட்டைச் சுற்றிக் காண்டாமிருகம் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தது. கதவிடுக்கில் பார்த்த கணவன், "அது நம்ம வீட்டுக்கு வரல. நாமதான் அது வீட்டுக்குள்ள வந்திருக்கோம். போய் ஒரு வார்த்த சொல்லிட்டு வா" என்று அவளை முன்னால் தள்ளினான், அவன் தைரியம் அவ்வளவுதான். அவள் படியிறங்கி நின்றாள். காண்டாமிருகம் வந்து அவள் புடவை முந்தானையை முகர்ந்தது, பெருமூச்சு விட்டது, சமையலறைச் சுவரோரம் போய்ப் படுத்துக்கொண்டது. காப்பாளர் புல்லோடு சேர்த்து அவர்களுக்குப் பால் பாக்கெட்டும் கொண்டுவந்தார்.

பெரிய டாக்டர் வேலிக்கு வெளியே நின்றே ஏழு நாளில் காலி செய்யும் உத்தரவைப் படித்துக் காட்டினார். உள்ளே வர அவருக்கு மனமில்லை, வைத்தியராக இருந்த காலத்தில் ஒரு காண்டாமிருகம் அவரை மரத்தில் ஏற்றியிருந்தது. அவர் படிக்கும்போதே அவருக்குப் பின்னால் கூட்டம் கூடிவிட்டது. அன்று முதல் சீட்டுகள் அந்தக் குடும்பத்தைப் பற்றி வரத் தொடங்கின. 'தையல்காரர் நமக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார், திருப்பி வைக்கவும்.' 'பெரியவருக்கு வெயில் படவில்லை.' 'பெரியவர் எங்கள் பேச்சில் குறுக்கிட்டுத் திருத்துகிறார், மிகவும் சுவையான அனுபவம்.' 'இவர்கள் வந்த பிறகு காண்டாமிருகம் சாப்பிடுகிறது. தயவுசெய்து இவர்களை எங்கும் மாற்ற வேண்டாம்.' மாற்ற வேண்டாம் என்று மட்டும் ஐந்து நாளில் இருநூறு பேர் எழுதியிருந்தார்கள். ஒரு சீட்டு கொஞ்சம் மடங்கி அடியில் கிடந்தது: 'இந்த அடைப்பில் உள்ள அம்மாள் உட்கார்ந்து நாங்கள் பார்க்கவே இல்லை. மூன்று தடவை வந்துவிட்டோம். ஆவன செய்யவும்.'

அதை அவள் இரண்டு தடவை படித்தாள். இருபத்திரண்டு வருடமாக ஊரார் குறையெல்லாம் படித்தவளுக்கு, தன் பேரில் ஒரு குறை இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. அழுகை வந்துவிட்டது, நன்றாக அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு விதியை நினைத்துப் பார்த்தாள். ஊழியர் தன்னைப் பற்றிய சீட்டில் தானே முத்திரை குத்தக் கூடாது. மேலதிகாரிதான் குத்த வேண்டும். காலக்கெடுவுக்கு ஒரு நாள் பாக்கி. மொத்தக் கட்டையும் முத்திரையையும் தூக்கிக்கொண்டு பெரிய டாக்டர் அறைக்குப் போனாள். அவர் தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டே குத்த ஆரம்பித்தார்.

"சார், ஒரு தடவ படிச்சுப் பாத்துட்டு..."

"எல்லாம் ஒண்ணுதானம்மா. இத்தன வருஷமா நீங்க என்ன படிச்சிட்டா குத்துனீங்க?"

"படிச்சிட்டுத்தான் சார் குத்துனேன்."

அவர் அதை வேடிக்கைப் பேச்சென்று நினைத்துச் சிரித்து, கடைசிச் சீட்டு வரைக்கும் குத்திக் கொடுத்தார்.

மறுநாள் காலை குடியிருப்புப் பதிவேட்டில் அவர்கள் வீட்டு எண் இருந்த வரி இல்லை. விலங்குப் பதிவேட்டில், காண்டாமிருகத்துக்கு அடுத்த வரியில் இருந்தது, பெரிய டாக்டரின் கையெழுத்திலேயே. காலி செய்யச் சொல்வதற்குக் குடியிருப்பு என்று ஒன்று இல்லாததால் உத்தரவு தானாகச் செல்லாமல் போயிற்று. முன்னறை ஜன்னல் அகன்று தையல் இயந்திரம் தெருவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. பின்னறைக் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு முளைத்து மாமனாரின் முட்டியில் நேராக வெயில் விழுந்தது. புதிதாக நட்ட அறிவிப்புப் பலகையில் தன் வயதை இரண்டு கூட்டிப் போட்டுவிட்டார்கள் என்று அவர் உடனே சண்டைக்குப் போனார். வாசற்படிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி இருந்தது. சாய்வான முதுகு, அகலமான கை, அவள் உயரத்துக்கு அளவெடுத்தது போலிருந்தது. கையில் சாப்பாட்டுப் பையோடு வேலைக்குக் கிளம்பியவள் அதைப் பார்த்தாள். வேலிக்கு வெளியே அதற்குள் நூறு பேர் இருப்பார்கள். அவள் உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். காண்டாமிருகம் வந்து பக்கத்தில் படுத்தது.

அன்று அவள் அரைநாள் தாமதமாக அலுவலகம் போனாள். எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டதற்கு, பார்வை நேரம், அடைப்பில் இருந்தேன் என்றாள். வருகைப் பதிவேட்டிலும் அப்படியே எழுதிக்கொண்டார்கள்.